உணவுத் திருவிழா: தட்டை வாங்கியவர் எங்கே போவார்?

வாசகர் கேள்வி, 2025 டிசம்பர் 3

டெல்டா பக்கம் எங்கள் ஊர். பொங்கல் விடுமுறையில் ஜனவரி 17, 18 இரண்டு நாளும் பள்ளி மைதானத்தில் உணவுத் திருவிழா நடத்துகிறோம். மைதானம் சுமார் இரண்டு ஏக்கர், கிட்டத்தட்டச் சதுரம். 40 ஸ்டால், எல்லாம் பத்துக்குப் பத்து அடி. மதில் ஓரமாக ‘ப’ வடிவில் ஸ்டால், நடுவில் மேடை என்று கமிட்டியில் முடிவு செய்திருக்கிறோம். மாலை 4 முதல் இரவு 10 வரை. இடம் தாராளமாக இருப்பதால் எவ்வளவு கூட்டம் வந்தாலும் தாங்கும் என்று நினைக்கிறோம். வேறு எதையாவது யோசிக்க வேண்டுமா?

டிசம்பர் 3, இரவு

பந்தல், ஸ்டால் போடுவதுதான் என் தொழில். அதனால் உடனே எழுதுகிறேன்.

இடம் தாராளம்தான். ஆனால் உங்கள் கணக்கில் ஸ்டால் இருக்கிறது, மேடை இருக்கிறது, சாப்பிடுகிறவர் இல்லை. ஒருவர் ஸ்டாலில் தட்டை வாங்கித் திரும்புகிறார். அடுத்த அடியை எங்கே வைப்பார்? வரைபடத்தில் இதற்குப் பதில் இல்லையென்றால் அவர் அங்கேயே நின்று சாப்பிடுவார். பின்னால் வரிசையில் இருப்பவர் அவரைச் சுற்றி வருவார், நடந்து போகிறவர் அந்த இருவரையும் சுற்றி வருவார். இரண்டு ஏக்கரிலும் நெரிசல் இப்படித்தான் வரும். மைதானத்தின் நடுவில் ஆளே இருக்கமாட்டார்கள், ஸ்டால் முன்னால் மட்டும் மூச்சுத் திணறும்.

டிசம்பர் 4

ஒரு தோராயக் கணக்கு. எண்கள் என் அனுமானம், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு ஏக்கர் என்றால் 87,120 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 295 அடி. மணிக்கு 1,000 பேர் உள்ளே வருகிறார்கள், ஒவ்வொருவரும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறார்கள் என்றால் எந்த நேரத்திலும் உள்ளே 1,500 பேர். ஆளுக்கு மூன்று பண்டம் வாங்கினால் மணிக்கு 3,000 தட்டு போக வேண்டும். ஒரு ஸ்டால் நிமிடத்துக்கு ஒரு தட்டு கொடுத்தால் 40 ஸ்டாலும் சேர்ந்து மணிக்கு 2,400. அதாவது எல்லா ஸ்டாலும் ஓயாமல் கொடுத்தாலும் 600 தட்டு பாக்கி.

நடப்பில் அதுவும் இல்லை. ஐந்தாறு ஸ்டாலில்தான் ஊரே நிற்கும். பிரியாணி, பரோட்டா, மீன் வறுவல் இருக்கிற இடம். அங்கே 40 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு 40 நிமிடம். ஆளுக்கு இரண்டடி வைத்தால் வரிசை 80 அடி நீளம். இந்த வரிசை ‘ப’ வடிவத்தில் எந்தப் பக்கம் நீளும்? நேராக மைதானத்தின் நடுவை நோக்கித்தான். எதிர்ப் பக்கத்திலிருந்தும் அப்படியே ஒன்று வரும். நடுவில் உங்கள் மேடை. நடக்கிறவருக்கு எந்தத் திசையில் போனாலும் ஒரு வரிசை குறுக்கே நிற்கும்.

சாப்பிட ஆகும் இடம் இதைவிடச் சுலபமான கணக்கு. பந்தி போட்டவர்களுக்குத் தெரியும், ஓர் இலைக்கு இரண்டடி அகலம். இருக்கை, மேசை, நடக்கிற வழி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 சதுர அடி வைத்தால் தாராளம். 1,500 பேரில் பாதி பேர் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் 11,250 சதுர அடி. உங்கள் மைதானத்தில் எட்டில் ஒரு பங்குதான். இதை முதலில் வரைபடத்தில் ஒதுக்குங்கள், ஸ்டாலை அப்புறம் வையுங்கள்.

டிசம்பர் 4, சற்று நேரம் கழித்து

‘ப’ வடிவத்தின் உள்மூலைகளில் ஸ்டால் வேண்டவே வேண்டாம். மூலையின் இரு பக்கத்து ஸ்டால்களுக்கும் வருகிற வரிசைகள் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். மூலையைக் காலியாக விட்டு அங்கே தண்ணீரோ வெளியேறும் வழியோ வையுங்கள்.

டிசம்பர் 6

“ஸ்டாலைக் கூட்டினால் வரிசை குறைந்துவிடாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது. புது ஸ்டால்கள் சும்மா நிற்கும், பிரியாணி வரிசை அப்படியே இருக்கும். அந்த ஒரு ஸ்டாலுக்கு இரண்டு பங்கு இடம் கொடுத்து, ஒரு முனையில் காசு வாங்கி டோக்கன் கொடுப்பது, மறுமுனையில் தட்டு கொடுப்பது என்று பிரித்தால் குறையும். காசு எண்ணுகிற கையே கரண்டியையும் பிடிக்கும்போதுதான் நிமிடத்துக்கு ஒரு தட்டுகூடப் போகாமல் நிற்கிறது. சுகாதாரத்துக்கும் அதுவே நல்லது.

யுபிஐ கியூஆர் அட்டையைக் கல்லா மேல் மட்டும் ஒட்டாதீர்கள். வரிசை நெடுகக் கம்பங்களில் ஒட்டுங்கள். நிற்கும்போதே போனை எடுத்துத் தயாராக இருப்பார்கள். விலைப்பட்டியல் ஏழடி உயரத்தில், தலைகளுக்கு மேலே தெரிய வேண்டும். பல இடங்களில் அழகாக எழுதிக் கல்லாவின் முன்பக்கத்தில் தொங்கவிடுகிறார்கள். முதலில் நிற்கும் மூன்று பேரின் வயிறு அதை மறைத்துவிடும். மற்ற அத்தனை பேரும் கல்லாவுக்கு வந்த பிறகுதான் “என்ன இருக்கு?” என்று ஆரம்பிப்பார்கள்.

டிசம்பர் 9

எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், ஒரு மாலை கண்ணால் பார்த்ததுதான். ஒரு கல்லூரி மைதானம், பெயர் வேண்டாம். பந்தல் நாங்கள் போட்டது, வரைபடம் அவர்களுடையது.

ஒரு பெரியவர் பாக்குமட்டைத் தட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும் வாங்கிக்கொண்டு வந்தார். வலது கையில் தட்டு, இடது கையில் பேத்தி. குழம்பு தட்டின் ஓரத்தில் தளும்பிக்கொண்டிருந்தது. உட்கார இடம் தேடிப் பேரிகேட் ஓரமாக நடந்தார். எங்கும் இல்லை. தட்டைப் பேரிகேட்டின் மேல்கம்பியில் ஒரு பக்கம் முட்டுக்கொடுத்து நெஞ்சால் தாங்கிக்கொண்டார். சாப்பிட ஒரு கை வேண்டுமே, அதற்காகப் பேத்தியின் கையை விட்டார். அந்தக் குழந்தை அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டது. பின்னால் யாரோ இடிக்க, தட்டு கவிழ்ந்தது. சூடான குழம்பு, குழந்தைமேல் படவில்லை, தரையில் போயிற்று. அவர் யாரையும் ஒன்றும் சொல்லாமல் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று அதே மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் வேப்பமர நிழலில் அரை ஏக்கர் சும்மா கிடந்தது. விருந்தினர் கார்களுக்காக ஒதுக்கியது.

டிசம்பர் 11

சரி, ‘ப’ வேண்டாம் என்றால் வேறு எப்படி?

உள்ளே இருப்பதை வெளியே திருப்புங்கள். மைதானத்தின் நடுவில் இரண்டு வரிசை ஸ்டால், முதுகோடு முதுகாக. வரிசைக்கு 20 ஸ்டால், அதாவது 200 அடி. இரண்டு வரிசைக்கும் நடுவே 30 அடி அகலத்தில் வேலைக்கூடம். சிலிண்டர், தண்ணீர் டிரம், காய்கறி மூட்டை, பாத்திரம் கழுவுமிடம், குப்பை எல்லாம் அதற்குள். மக்கள் அதைச் சுற்றி வருவார்கள். மொத்தம் 200-க்கு 50 அடிதான் பிடிக்கும். இரு பக்கமும் 120 அடிக்கு மேல் கிடைக்கும். அதில் ஸ்டாலை ஒட்டி ஆட்கள் வரிசையாக நிற்க 30 அடி, நடக்க 30 அடி, அதற்கு அப்பால் மதில் வரை உட்கார்ந்து சாப்பிடுமிடம். 80 அடி வரிசை நேராக நீள இடமில்லைதான். பெரிய ஸ்டால்களுக்கு முன்னால் மட்டும் சவுக்குக் கம்பும் கயிறும் கட்டி, வரிசை மூன்று மடிப்பாக மடங்கும்படி விட்டால் 30 அடிக்குள் அடங்கிவிடும்.

இதில் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது மதில் ஓரம் காலியாவதுதான். ‘ப’ வடிவத்தில் ஸ்டால்கள் மதிலை அடைத்துவிடும். பள்ளிக்கு நாலு கேட் இருந்தாலும் மூன்று கேட் ஸ்டாலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு எல்லோரும் உள்ளே வந்த ஒரே வழியைத்தான் தேடி ஓடுவார்கள். ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது, கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போக முடியும். கேட் திறந்திருந்தால் மட்டும் போதாது, அது கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

டிசம்பர் 12

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியிருக்கிறார்: 20 ஸ்டாலை ஒரே வரிசையாக ஒட்டாதே, தீப்பிடித்தால் நடுக்கூடத்தில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று. ஒப்புக்கொள்கிறேன். ஐந்து ஸ்டாலுக்கு ஒருமுறை ஆறடி இடைவெளி விடுங்கள். வரிசைக்கு மூன்று இடைவெளி, 18 அடி நீளம் கூடும், இடம் இருக்கிறது. கூடத்தின் இரு முனையும் திறந்திருக்கட்டும், ஒரு முனையில் தீயணைப்பு வண்டி நுழையுமளவுக்கு.

சிலிண்டர் பற்றி. ஸ்டால்களில் இருக்க வேண்டியது நீலநிற 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டிலிருந்து சிவப்பு சிலிண்டரைத் தூக்கி வருவார்கள், அனுமதிக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் கழிவுநீருக்கு வெட்டிய குழிக்குப் பக்கத்தில் சிலிண்டர் நிற்கக்கூடாது. படுக்கவைக்கவும் கூடாது.

இன்னொன்று, இதை நான் எல்லா கமிட்டியிலும் கெஞ்சிக் கேட்பேன். கிராமத்து அழகு வேண்டும் என்று ஸ்டாலுக்குத் தென்னங்கீற்றுக் கூரை போடச் சொல்கிறார்கள். கீழே எண்ணெய்ச் சட்டி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிச் சமையலறையின் தீ கீற்றுக்கூரையில் பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். நம் பக்கத்தில் இதை யாரும் மறந்திருக்க முடியாது. அடுப்பு இருக்கிற ஸ்டாலுக்குத் தகரம். கீற்று வேண்டுமென்றால் நுழைவாயிலில் கட்டிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 15

ஸ்டால்களை எந்த வரிசையில் வைப்பது? பெரும்பாலும் பணம் கட்டிய முறைப்படி, இல்லையென்றால் சீட்டுக் குலுக்கி. ஸ்பான்சர் ஸ்டால் வாசலில்.

நான் சொல்வது, எத்தனை கை வேண்டும் என்று பார்த்து வையுங்கள். வடை, பழம்பொரி, கம்பு உருண்டை, பருத்திப்பால் இதற்கெல்லாம் ஒரு கை போதும். நடந்துகொண்டே முடித்துவிடலாம். களி, பிரியாணி, தோசை, தோல் ரொட்டியும் குழம்பும் என்றால் தட்டைத் தாங்க ஒன்று, தின்ன ஒன்று. உட்கார்ந்தால்தான் உண்டு. ஒரு கைப் பண்டங்களை வாசலிலிருந்து உள்ளே போகும் வழி நெடுக வையுங்கள். ஆள் வாங்கினாலும் கால் நிற்காது. இரண்டு கைப் பண்டங்களை மேசைகளுக்கு எதிரே வையுங்கள். தட்டோடு நடக்கும் தூரம் முப்பது நாற்பது அடிக்கு மேல் போகக்கூடாது.

மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழா அன்று மாட வீதிகளில் நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவ்வளவு கூட்டத்திலும் வழியெல்லாம் சாப்பாடு கொடுக்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். ஏன் ஓடுகிறது? தொன்னையில் கொஞ்சம்தான் கொடுக்கிறார்கள், காசு இல்லை, இங்கே கிடைக்காவிட்டால் இருபதடி தள்ளி அதேபோல் இன்னொருவர் கொடுக்கிறார். யாரும் முண்டியடிக்க வேண்டியதில்லை.

திருவிழா ஸ்டால்களில் காசு வாங்கியாக வேண்டும், சரி. ஆனால் பாதி அளவுத் தட்டு என்று ஒன்று எல்லா ஸ்டாலிலும் இருக்கட்டும். பாதித் தட்டு வாங்கியவர் பாதி நேரத்தில் எழுந்துவிடுவார், நாலு ருசி பார்ப்பார். தண்ணீர், மோர் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஆறேழு இடத்தில் வையுங்கள்.

டிசம்பர் 16

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டதாக ஒரு அம்மா எழுதியிருக்கிறார். சைவம், அசைவம் பிரிக்காவிட்டால் தன் மாமியார் வாசலிலேயே திரும்பிவிடுவார் என்று. நியாயம். கைக்கணக்கை விடவேண்டியதில்லை. இரண்டு பகுதியிலும் வடகிழக்கு முனையைச் சைவத்துக்குக் கொடுத்துவிடுங்கள். சாப்பிடுமிடத்திலும் அந்த முனைக்கு நேரே உள்ள மேசைகளைச் சைவத்துக்கு ஒதுக்கிப் பலகை வையுங்கள். பலகை இருந்தால் போதும், நம் ஜனங்கள் அதை மதிப்பார்கள்.

ஏன் வடகிழக்கு? தை மாதத்தில் உங்கள் பக்கம் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். புகையும் மீன் வாசனையும் தென்மேற்கே போகும். அதனால் மீன், கறி வறுவல், குப்பைமேடு, கழிப்பறை எல்லாம் தென்மேற்கில். இதே விழாவை ஆடி மாதம் நடத்தினால் எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டியிருக்கும். காற்று அப்போது எதிர்ப்பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும்.

வெயிலையும் பாருங்கள். ஜனவரி நடுவில் அஸ்தமனம் சுமார் 6 மணி. நீங்கள் 4 மணிக்குத் தொடங்குகிறீர்கள். மேற்கு பார்த்த ஸ்டால்காரர்களுக்கு முதல் இரண்டு மணி நேரம் வெயில் நேராக முகத்தில். பால் பண்டம், இனிப்பு எதையும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள். ஒரு தட்டி கட்டிவிடுங்கள், அஸ்தமித்ததும் சுருட்டிவிடலாம். வரிசைகளை வடக்கு, தெற்கு பார்க்கும்படி போட முடிந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

டிசம்பர் 20

கை கழுவுமிடம். நம் ஆட்கள் கையால் சாப்பிடுகிறார்கள். முன்னும் கழுவ வேண்டும், பின்னும் கழுவ வேண்டும். ஆனால் எந்த வரைபடத்திலும் இது கடைசி நிமிடத்தில் கழிப்பறைப் பக்கம் ஒரு டிரம் என்று முடிகிறது. அங்கே யாரும் போவதில்லை. பாட்டில் தண்ணீரை நின்ற இடத்திலேயே கொட்டிக் கழுவுகிறார்கள். எட்டு மணிக்குள் மேசைக்கடியில் சேறு.

ஸ்டாலிலிருந்து மேசைக்குப் போகும் வழியில், ஒதுங்கினாற்போல வையுங்கள். இடுப்பு உயரத்தில் ஒரு வரிசைக் குழாய், கீழே குழந்தைகளுக்கு முழங்கால் உயரத்தில் இரண்டு. அடியில் ஜல்லி கொட்டிய வாய்க்கால். எச்சில் கையால் குழாயைத் திறக்க யாருக்கும் மனம் வராது. முழங்கையால் தள்ளுகிற நெம்புகோல் குழாய் கடைகளில் கிடைக்கிறது, கொஞ்சம் காசு கூட. வாங்கிவிடுங்கள், பள்ளிக்கு அப்புறம் உதவும்.

குப்பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப் எல்லாம் தடை. ஆகவே பாக்குமட்டைதான் வரும். நல்லதுதான், ஆனால் அது மடங்காது. தொட்டியில் வீசினால் நாலாபக்கமும் முட்டிக்கொண்டு நின்று, அரைமணியில் தொட்டி நிறைந்ததுபோல் தெரியும். தொட்டிக்குப் பதில் ஒரு மேசை, மிச்சத்தைத் தட்ட ஒரு வாளி, தட்டை அடுக்க ஓர் இடம் என்று வைத்து, ஒரு ஆளை நிறுத்துங்கள். இரண்டு பேர் அடுக்குவதைப் பார்த்தால் மூன்றாமவரும் அடுக்குவார்.

டிசம்பர் 27

சென்னை மெரினா உணவுத் திருவிழாவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 2024 டிசம்பர் 20 முதல் 24 வரை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தங்கள் மாவட்டப் பண்டங்களோடு மெரினாவில் ஸ்டால் போட்டார்கள். கரூர் தோல் ரொட்டி, பள்ளிபாளையம் சிக்கன் எல்லாம் பேர் வாங்கியது. அந்த மாதிரி விழாவில் ஒரு பண்டம் ஓர் இடத்தில்தான் இருக்கும். மாட வீதி மோர்போல இருபதடிக்கு ஒன்று வைக்க முடியாது. அப்போது வரிசையை மடக்கிவிடுவதும், டோக்கன் எண்ணைத் திரையில் காட்டுவதும்தான் வழி. எண் வரும்வரை ஆள் கடற்கரையில் உலாவலாம்.

மணலில் வேறு பிரச்சினையும் உண்டு. சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகாது. தட்டோடு நடக்கிற வயதானவருக்குக் கால் புதையும். நடைவழி முழுவதும் பலகை விரித்தாக வேண்டும்.

டிசம்பர் 28

ஊர் சுற்றி வந்தவர்கள் இந்தூர் சராஃபா பஜாரையும், அகமதாபாத் மாணெக் சௌக்கையும் எடுத்துச் சொல்கிறார்கள். பகலில் நகைக்கடை, இரவில் தின்பண்டம். நெருக்கமான இடத்தில் அங்கே நடக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு இடம் என்று கேள்வி. அங்கே தினமும் நடக்கிறது. வருகிறவருக்கு வழி பழக்கம், கடைக்காரருக்குக் கூட்டம் பழக்கம். இரண்டு நாள் விழாவுக்கு வருகிற எல்லோருமே புதியவர்கள். எனக்கு அதைவிடச் சிங்கப்பூரின் லாவ் பா சாட் என்ற உணவுச் சந்தை பிடிக்கும். மாலையில் பக்கத்துத் தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுத் தெருவின் நடுவிலேயே மேசை போட்டுவிடுகிறார்கள். சாத்தே, அதாவது குச்சியில் கோத்த இறைச்சி, சுடுகிற இடத்தை ஒட்டியே உட்கார்ந்து தின்னலாம். சாப்பிடுகிறவருக்குத்தான் அங்கே நடு இடம்.

2026 ஜனவரி 5

மேடை. நடுவில் இருந்தால் வழியை அடைக்கும் என்று முன்பே பார்த்தோம். ஓர் ஓரத்துக்குத் தள்ளுங்கள், ஒலிபெருக்கி ஸ்டாலைப் பார்க்காமல் இருக்கட்டும். பாட்டுச் சத்தத்தில் “ரெண்டு இட்லி” “மூணா?” என்று கத்திக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு ஆளுக்கும் கால் நிமிடம் கூடுதலாகப் போகும். ஸ்டால் அக்காக்களுக்கு இரவு பத்து மணிக்குக் குரலே இருக்காது.

ஜனவரி 12

பந்தல்காரர் வருவதற்கு முன்னால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள். ஸ்டால், வரிசை, மேசை, கேட் எல்லாம். கமிட்டியில் மூத்தவர் ஒருவரையும் குழந்தை வைத்திருக்கும் ஒருவரையும் கையில் தண்ணீர் நிரப்பிய தட்டோடு கோட்டுக்குள் நடக்கவிடுங்கள். தண்ணீர் எங்கே சிந்துகிறதோ அங்கே வழி சரியில்லை. இடத்தை மாற்ற அழித்துப் போட்டால் போதும், கம்பு நட்ட பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

ஜனவரி 19

கேட்டவர் விவரமாக எழுதியிருக்கிறார், மிகவும் சந்தோஷம். நடு வரிசை அமைப்பில்தான் போட்டார்களாம். மேசைப் பகுதி இரண்டு நாளும் நிறைந்து நிறைந்து காலியானதாம். வயதானவர்கள் நிறைய வந்தார்கள் என்று எழுதியிருப்பதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

பரோட்டா வரிசை வளைந்து வேலைக்கூட வாயை அடைத்துக்கொண்டது, தண்ணீர் வண்டி உள்ளே போக முடியவில்லை என்கிறார். பரோட்டாவை முனை ஸ்டாலில் வைத்ததால் வந்தது அது. முனையில் கூட்டம் குறைவான கடை, கூட்டமான கடை வரிசையின் நடுவில். அடுத்த வருடம் அப்படி மாற்றுங்கள்.

இன்று பள்ளி திறந்துவிட்டது. பந்தல் பிரித்த இடத்தில் ஆணி கிடக்கும், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். இரும்புக்கடையில் பெரிய காந்தம் கிடைக்கும், கயிறு கட்டி மைதானம் முழுக்க ஒருமுறை இழுத்து வாருங்கள், கம்பு நட்ட வரிசைகளில் இரண்டு முறை. குழிகளை மண் போட்டு மிதித்து மூடுங்கள். அடுப்பு இருந்த இடங்களில் எண்ணெய் ஊறிய மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் கொட்டச் சொல்லுங்கள். இதைப் பந்தல்காரரின் கணக்கை முடிப்பதற்கு முன்னால் செய்ய வையுங்கள்.